எட்டரை மணி எடையும் பிரம்பு நாற்காலியும்

ஜூன் 3, திங்கள்

மதுரை டாக்டர் பியூலா மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். என் மனைவி செண்பகம் என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, காலையில் என்ன எடை. சொன்னது செண்பகத்திடம்தான். அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள்.

"இவங்க முப்பத்துநாலு வருசம் மழையவே எழுதினவங்க, டாக்டர். என்னைய எழுத மாட்டாங்களா?"

வானிலை நிலையத்தில் நோக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கருவிகளைப் படித்து எழுதுவது வேலை. ஒரு நாளும் தவறியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தவறிவிடுமோ என்ற பயத்தில்தான் தவறாமல் இருந்தேன்.

விஷயத்தை முறையாக எழுதிவைக்கிறேன். ஐந்து வருடம் முன்பு வேறொரு ஊரில் செண்பகத்துக்கு எடை குறைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் போலக் குழாயாக விட்டுவிடுவார்கள். அப்போது எடை 112 கிலோ. பதினாலு மாதத்தில் 79. இன்று 101. இந்த எடையோடு முழங்கால் மூட்டை மாற்ற முடியாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டாவது முறை அறுவை செய்யலாமா, செய்தால் எந்த வகை என்பதுதான் இப்போது கேள்வி. இருபத்தைந்தாம் தேதி உள்ளே குழாய் விட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள்.

நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்: நேரம், உணவு, அளவு, எடை, குறிப்பு. எங்கள் அலுவலகப் பதிவேட்டிலும் கடைசிக் கட்டம் குறிப்புதான். மற்றக் கட்டங்களில் அடங்காதது அங்கே போகும். சூரியனைச் சுற்றி வளையம், காற்றுமானிக் கிண்ணத்தில் காக்கை எச்சம், இப்படி. இன்னும் இரண்டு விதிகள்: சந்தேகம் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி, எழுதியதை அழிக்கக் கூடாது.

கட்டங்களுக்குக் கீழே இடம் இருக்கிறது. இந்த மாதிரி என் பேச்சையும் அதில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரியா என்று தெரியவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

8.30. எடை 101.2.

தராசு சரியா என்ற சந்தேகம். ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். 5.1 காட்டியது. பை நூறு கிராம் இருக்குமா? தனியாக வைத்தால் தராசு அசையவில்லை. அரிசியை விட்டுவிட்டேன்.

செண்பகம் தராசில் ஏறி நின்றுகொண்டு, "நான் என்ன மழையா, எட்டரைக்குப் பாக்கதுக்கு?" என்றாள்.

காலை ஒரு இட்லி, பாலும் சீனியும் விட்டு ஊறவைத்து. பதினொரு மணிக்கு டீயில் நனைத்த ரஸ்க் இரண்டு. மதியம் குழைந்த சோறு ஒரு கரண்டி, தேங்காய்ப்பால் சொதி. மாலை சேமியாப் பாயசம் ஒரு டம்ளர். இரவு பாலில் ஊறிய ரொட்டி.

குறிப்பு: காலை 4.50க்கு நான் எழுந்தபோது ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து எழ மூட்டு விடுவதில்லை என்பாள்.

ஜூன் 6, வியாழன்

8.30. 101.0.

எனக்குப் புளிக்குழம்பு. அவளுக்கு அதே சொதி. "மூணு நாளா சொதியா?" என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன, எழுதக் கை வலிக்கா?" என்றாள்.

குறிப்பு: 4.50, நாற்காலி. மாலை 6 மணி, அடுக்களையில் தகடு சரசரக்கும் ஓசை. மிட்டாய்த் தாள் அல்லது மாத்திரைத் தகடு போன்றது. போனபோது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ?

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் கொடுத்த தாளை நான்கு முறை படித்தேன். இரண்டாம் முறைக்கு என்னென்ன வழிகள் என்று படம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. நமக்குள் இருக்கிற ஒரு பையை இத்தனை விதமாக மடக்கித் தைக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

முதல் வழி, விரிந்துபோன குழாயை இன்னொரு முறை ஒட்ட வெட்டிக் குறுக்குவது. இரண்டாவது, மேலே முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் விட்டு, குடலை வெட்டி அதனோடு இணைப்பது, பைபாஸ் என்கிறார்கள். மூன்றாவது அதிலேயே சுருக்கமானது, இணைப்பு ஒன்றுதான். நான்காவது, குடலில் பெரும்பகுதியை ஒதுக்குவது. எடை நன்றாகக் குறையும், சத்தும் சேராது. அறுக்காமல் வாய் வழியாகக் கருவி விட்டு உள்ளே தையல் போடுவது ஒன்று இருக்கிறது. கத்தியே இல்லாமல் வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்ப்பதும் இருக்கிறது.

புதிதாக வெட்டிய குழாய் 150 மில்லி கொள்ளும் என்று போட்டிருந்தது. அது எவ்வளவு என்று பார்க்க ஆசை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட மழை அளக்கும் கண்ணாடிக் குவளை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் இருபது மில்லி தண்ணீர். ஊற்றிப் பார்த்தேன். ஏழரை மில்லிமீட்டர். செண்பகத்தின் வயிறு ஒரு சின்னத் தூறலைத்தான் தாங்கும்.

"இங்க வா, உன் வயித்தப் பாரு" என்று கூப்பிட்டேன்.

அவள் குவளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்குள்ள அம்பது பேரு திட்டும் எப்படிக் கொண்டுச்சு?" என்றாள். தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

எனக்குப் பிடித்தது முதல் வழி. காரணம் கேட்டால் நேரம் குறைவு என்று சொல்வேன். ஒன்றரை மணி நேரம் போதுமாம்.

குறிப்பு: 4.50, நாற்காலி. காலை 5.10, தகடு ஓசை. ?

ஜூன் 12, புதன்

8.30. 101.4.

குறிப்பு: தொண்டை கரகரப்பு. பனங்கற்கண்டு வாங்கி வந்தேன்.

ஜூன் 15, சனி

8.30. 101.1.

முதல் வழியைப் பற்றி இன்னும் யோசித்தேன். ஒன்றரை மணி நேரம் என்பது பெரிய நேரமில்லை. ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியும்.

சென்ற முறை மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மருத்துவமனைத் தோட்டத்தில் அலங்காரத்துக்கோ எதற்கோ ஒரு மழைமானி வைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில். மரத்தடியில் மழைமானி வைக்கக் கூடாது, இலையில் தங்கி விழும் தண்ணீர் கணக்கைக் கெடுக்கும். உயரத்தில் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். மரத்தின் உயரத்தை நிழலை வைத்துக் கணக்கிட்டேன். திரும்பி மேலே போனபோது அவளை வெளியே கொண்டுவந்து, அறைக்கு மாற்றி, ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் வடிவு மட்டும் பக்கத்தில் இருந்தாள். கண் விழித்ததும் செண்பகம் அவளிடம் "அப்பா எங்க?" என்று கேட்டாளாம்.

என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

குறிப்பு: 4.50, நாற்காலி. தகடு ஓசை இருமுறை. ? ?

ஜூன் 18, செவ்வாய்

8.30. 101.3.

ஓசூரிலிருந்து மகள் வடிவு பேசினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம்.

"அம்மா, குரலே மாறிப்போச்சே. சளியா?"

"சளிதான். நீ மதுரைக்கு லீவு போட்டு வர வேண்டாம். அப்பா இருக்காங்க."

"வாயக் கட்டுனா ரெண்டாவது ஆபரேஷனே வேண்டாம்மா. எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க ஓட்ஸ் மட்டும்..."

"சரி தாயி. எனக்கு ஆபரேஷன் பண்ணாம உங்க ஆபீஸ்காரிக்குப் பண்ணிருவோம்."

போனை வைத்தாள். பிறகு, பொதுவாகச் சொல்வதுபோல, "தப்பு எம்பேர்லதான்" என்றாள். நான் மறுத்திருக்க வேண்டும். அப்போது மணி ஐந்து இருபத்தெட்டு. மாலைப் பதிவுக்கு நோட்டை எடுக்கப் போய்விட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

8.30. 101.6.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவள் குளிக்கப் போனபோது ரஸ்க் டப்பாவைத் திறந்து எண்ணினேன். என் பதிவின்படி பதினொன்று இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. சீனி டப்பா, பேரனுக்கு வாங்கிய சாக்லேட், எல்லாம் சரி.

அப்படியானால் அந்த ஓசை எது?

எழுதியிருக்கக் கூடாது. அழிப்பதற்கும் விதி இல்லை.

குறிப்பு: 4.50, நாற்காலி. எண்ணியவன் நான் என்பதால் எண்ணிக்கைக்கும் ஒரு ?

ஜூன் 25, செவ்வாய். மதுரை

காலை ரயிலில் போய், பதினொன்றரைக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மதியம் டாக்டர் பியூலா கூப்பிட்டார். நாற்பது வயது இருக்கும். பேசும்போது பென்சிலைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்.

"குழாய் மேல்பக்கம் கொஞ்சம் விரிஞ்சிருக்கு. அடியில லேசா சிவந்திருக்கு. பெருசா ஒண்ணும் இல்ல. நெஞ்செரிச்சல் உண்டாம்மா?"

"இல்ல டாக்டர்."

"புளிச்சு மேல வர்றது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப முதல் வழியையும் யோசிக்கலாம்" என்றார். எனக்கு மனசு லேசானது. நோட்டை நீட்டினேன். கடைசிப் பக்கத்தில் எடைக்கு ஒரு வரைபடமும் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. எடைக் கட்டத்தையும் பார்க்கவில்லை. பென்சில் முனையைக் குறிப்புக் கட்டத்தில் வைத்து, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போனார். பக்கம் திருப்பினார். மறுபடி இறங்கினார்.

கட்டங்களுக்குக் கீழே எழுதியிருந்ததெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேறு நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

"தினமும் உக்காந்துதான் தூங்குவாங்களா சார்?"

"மூட்டு வலிக்காக."

"மூட்டு வலிச்சா காலை நீட்டிப் படுக்கத்தான தோணும்?"

எனக்கு அது தோன்றியதே இல்லை.

"புளி சாப்பிடறதில்ல. தொண்டை கரகரப்பு, மூணு இடத்துல. இந்தக் கேள்விக்குறி என்ன சார்? ஒன்பது இருக்கு. பெரும்பாலும் தகடு ஓசைன்னு போட்டிருக்கீங்க."

"சந்தேகம் இருந்தா போடுறது."

"என்ன சந்தேகம்?"

செண்பகம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்துச் சொன்னேன். "மிட்டாயோன்னு..."

பிறகு செண்பகம் சிரித்தாள். நான் பயந்த சிரிப்பில்லை. நிஜமாகவே தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கியதும் கைப்பையைத் திறந்தாள். உள்ளே கையைவிட்டு அள்ளி மேசைமேல் வைத்தாள். மென்று விழுங்குகிற வயிற்றுப்புண் மாத்திரைத் தகடுகள். ஆறு காலி, இரண்டு பாதி.

"இந்தாங்க. உங்க மிட்டாய்" என்றாள்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஏழு, எட்டு."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருசம் இருக்கும்."

"நான் கேட்டப்ப இல்லன்னீங்களேம்மா!"

"பழைய ஆஸ்பத்திரியில சொன்னேன். ஒழுங்கா மென்னு திங்கலன்னாங்க. வாயக் கட்டாதவ என்ன சொன்னாலும் சாக்குதான டாக்டர்?" சற்று நிறுத்தி, "வீட்டுலயும் சொல்லல. சொன்னா இவங்க பயந்துருவாங்க" என்றாள்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். குழாய் இறுக்கமாக இருப்பதால் உள்ளே அழுத்தம் அதிகம். அமிலம் மேலே ஏறுகிறது. படுத்தால் இன்னும் ஏறும். அதனால்தான் நாற்காலி. புளியும் காரமும் காய்கறியும் எரிக்கும், அடைக்கும். அதனால்தான் பாலும் பாயசமும் ஊறின ரஸ்க்கும். அவை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது, எடை ஏறும்.

"எடை ஏறுனதுக்கு இது மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். உடம்பே பழைய எடைக்குத் திரும்பத்தான் பாக்கும். ஆனா உங்க தப்புன்னு மட்டும் நினைக்காதீங்கம்மா." பிறகு என்னைப் பார்த்து, "முதல் வழி இவங்களுக்கு ஆகாது சார். இன்னும் இறுக்குனா இன்னும் எரியும்" என்றார்.

தாளில் முதல் வழிக்கு நேராகக் கோடு போட்டார். நான் தேர்ந்தெடுத்தது அது.

ஜூன் 26, புதன்

8.30. 101.2.

காலை நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான் துணி உலர்த்தப் போனேன். உலர்த்திய துணியை மறுபடி உதறி உலர்த்தினேன்.

உள்ளே வந்தபோது ஜூன் 15ஆம் தேதிப் பக்கம் திறந்திருந்தது.

"மழைமானிய மரத்தடியில வெச்சிருந்தாங்களா?"

"ஆமா."

"தப்புன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"நீங்க யார்கிட்டதான் எதச் சொன்னீங்க!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானுந்தான்" என்றாள்.

ரஸ்க் எண்ணியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் பேனாவை வாங்கி, ஓசைக்குப் போட்ட ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் பக்கத்தில் 'மாத்திரை' என்று எழுதினாள். கடைசியில் பதினொன்று ரஸ்க் என்ற இடத்தில் மட்டும் 'சரி' என்று போட்டாள்.

ஜூலை 3, புதன். மதுரை

நேற்று மூக்கு வழியாக மெல்லிய கம்பி போன்ற குழாயை விட்டு, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரமும் அமிலம் ஏறுவதை அதுவே பதிவு செய்யும். எரிந்தால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். எங்கள் காலத்தில் காற்றழுத்தத்துக்கு உருளையில் தாள் சுற்றி மைமுள் வைத்திருப்போம். இது மனுஷிக்கு வைத்த மைமுள். சில வினாடிக்கு ஒரு முறை அளக்குமாம். பெட்டியை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, பொறாமையா இருக்கா?" என்றாள், மூக்கில் குழாயோடு.

அறுபத்தோரு முறை அமுக்கியிருக்கிறாள். நான் வைத்த கேள்விக்குறிகள் ஒன்பது.

ஜூலை 5, வெள்ளி. மதுரை

முடிவு வந்தது. அமிலம் ஏறும் நேரம் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டாம் முறை என்பதால் உள்ளே ஒட்டிக்கிடக்கும், வேலை கடினம். ரத்தக்கசிவு, இணைப்பில் கசிவு, எல்லாம் முதல் முறையைவிடச் சற்று அதிகம் வரலாம். எடையும் முதல் தடவை போலக் கொட்டாது. ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை. சுருக்கமான பைபாஸில் பித்தம் ஏறக்கூடும் என்பதால் அது வேண்டாம். இரண்டாவது வழிதான் பொருந்தும். வேண்டாமென்றால் வீரியமான அமில மாத்திரையும் வார ஊசியும் எடுத்து ஆறு மாதம் பார்க்கலாம், அதுவும் தவறில்லை. முடிவு உங்களுடையது என்று செண்பகத்திடம் சொன்னார்.

செண்பகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பண்ணுனா படுக்கலாமா டாக்டர்?"

"புரியலம்மா."

"படுத்துத் தூங்கலாமா? எல்லாரையும் போல."

டாக்டர் பென்சிலைச் சுழற்றுவதை நிறுத்தினார். "பெரும்பாலும் முடியும். உறுதி குடுக்க மாட்டேன்" என்றார்.

"அப்ப பண்ணிருங்க. எடை குறைஞ்சா குறையட்டும்."

நானும் ஒன்று கேட்டேன். எத்தனை மணி நேரம் ஆகும், காத்திருப்பவர்கள் எங்கே உட்கார வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். தியேட்டர் கதவுக்கு எதிரே நாற்காலிகள் இருக்கின்றன என்றார். வெளியே வந்ததும் போய்ப் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவதில் உட்கார்ந்தால் கதவு நேராகத் தெரிகிறது. தோட்டம் தெரியாது.

ஜூலை 23, செவ்வாய். மதுரை

7.10 உள்ளே.

11.05 வெளியே. கண் திறந்து பார்த்தாள்.

இடமிருந்து மூன்றாவது நாற்காலி. எழுந்திருக்கவில்லை.

ஜூலை 25, வியாழன். மதுரை

அரை மணிக்கு ஒரு முறை முப்பது மில்லி தண்ணீர். மழைக் கணக்கில் ஒன்றரை மில்லிமீட்டர். வடிவு வந்திருந்தாள். அம்மாவிடம் ஓட்ஸ் பற்றிப் பேசவில்லை. நோட்டைக் கொடுத்தேன், படித்திருப்பாள் போல. போகும்போது, "இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லப்பா" என்றாள். யார் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

8.30. 95.8.

இன்னும் நாற்காலியில்தான் தூங்குகிறாள். எரிச்சல் இருக்கிறதா என்று நானே கேட்டேன். இல்லை என்றாள்.

"பின்ன ஏன் படுக்கல?"

"பயமாருக்கு" என்றாள். "படுத்து, மறுபடி ஏறிருச்சுன்னா? அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?"

பயத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை வருட அனுபவம். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணையை மட்டும் வெயிலில் போட்டு எடுத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

8.30. 94.1.

மதியம் கட்டிலில் கால் மணி நேரம். மூன்று தலையணை. நான் பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன், ஒரே பக்கம்.

ஆகஸ்ட் 24, சனி

8.30. 93.0.

மதியம் ஐம்பது நிமிடம். இரண்டு தலையணை. எழுந்து, எரியவில்லை என்றாள். புளிக்குழம்பு ஒரு தேக்கரண்டி தொட்டுப் பார்த்தாள். "உப்பு கூட. மூணு வருசமா இதத்தான் தின்னீங்களா?" என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

4.50. பிரம்பு நாற்காலி காலி. போர்வை மடித்தபடி இருந்தது. அடுக்களையில் இல்லை. குளியலறையில் விளக்கில்லை. ஒரு நிமிடம் பயந்துவிட்டேன்.

கட்டிலில் இருந்தாள். நான் எழுந்த அதே கட்டிலில், சுவரோரம். இருட்டில் பார்க்காமல் எழுந்து வந்திருக்கிறேன். ஒரு தலையணை. இடப்பக்கம் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து.

6.00. தூங்குகிறாள். பால்காரர் மணி அடிக்குமுன் வாசலில் போய் நின்றேன்.

7.15. தூங்குகிறாள். குக்கர் வைக்கவில்லை.

8.30. தராசை எடுத்து வைத்தேன். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். தராசைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

எடை: எடுக்கவில்லை.

குறிப்பு: படுத்துத் தூங்குகிறாள்.